கண்ணாடி மேசைக்குப் புதுப்பூச்சு

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் வீட்டுப் பொருள்களுக்குத் தனி மதிப்பு உண்டு. சொந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு மூதாதையர் நினைவைச் சொல்ல வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, வாசலில் வேப்பமரம் நிற்கிறது. பிழைப்பை நாடிப் பெயர்ந்து வந்தவர்களுக்கோ அந்த வாய்ப்பு இல்லை. வண்டியில் ஏற்றிக் கொண்டுவர முடிந்த சில பொருள்களே அவர்களுக்குப் பிறந்த மண்ணும் பெற்றோர் நினைவும் ஆகின்றன. ஓர் அண்டா, ஓர் அம்மிக்கல், ஒரு தையற்பொறி, ஒரு கண்ணாடி மேசை என்று நம் சங்கத்து அன்பர் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கக் காணலாம்.

இவற்றுள் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கினால் பளபளக்கும். தேக்குக் கட்டிலுக்கு வார்னிஷ் அடித்தால் புத்துயிர் பெறும். இவ்வளவும் நம் தாய்மார் அறிந்ததே. ஆனால் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் நம் வீடுகளுக்குள் புகுந்துவிட்ட 'மைக்கா' ஒட்டிய மரச் சாமான்களை என்ன செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேலே ஒட்டிய தகடு நிறம் மங்கி, ஓரம் பெயர்ந்து போனால், 'இனி இது உதவாது' என்று திண்ணைக்குத் தள்ளுகின்றனர். பிறகு திண்ணையிலிருந்து தெருவுக்கும் தள்ளிவிடுகின்றனர். அவ்வாறு தள்ளவேண்டியதில்லை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வீட்டுக் கண்ணாடி மேசைக்குச் சென்ற தை மாதத்தில் நானே வண்ணம் பூசினேன். அவ்வேலையில் கற்றவற்றையும், அதனால் வீட்டில் நேர்ந்த ஒரு நல்ல மாற்றத்தையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

கடைக்காரர் 'டிரெஸ்ஸிங் டேபிள்' என்று சொல்லும் அந்தப் பொருளின் வரலாற்றை முதலில் சுருங்கக் கூறுகிறேன். என் தந்தையார் பழனியை அடுத்த ஒரு சிற்றூரினர். இரயில்வேயில் பாதைப் பணியாளராக வேலை கிடைத்துப் பாலக்காட்டுப் பக்கம் வந்து, கொழிஞ்சாம்பாறையில் குடியமர்ந்தார். என் தாயாரின் பிறந்தகம் வறிய குடும்பம். கட்டில், பீரோ, கண்ணாடி மேசை என்று சீர் வரிசை வைக்க அவர்களால் இயலவில்லை. மணமாகி வந்த மறு ஆண்டு, 1987-இல், தீபாவளிக்கு முன் வந்த போனஸ் தொகையைக் கொண்டு தந்தையார் தாமே பழனியில் ஓர் ஆசாரியிடம் சொல்லி இந்த மேசையைச் செய்வித்தார். நாட்டு மரத்திற் செய்து மெருகு எண்ணெய் பூசினால் விலை குறையும் என்றாராம் ஆசாரி. தந்தையார் இசையவில்லை. நாட்டு மரக் கால்களின்மேல் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் ஈட்டி மரத்தின் வரி தெரியும் மைக்காத் தகடு ஒட்டவேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்தார். அந்நாளில் அதுதான் நாகரிகம். தேக்கு என்பது பண்ணையார் வீட்டில் இருப்பது. மைக்கா என்பது உத்தியோகஸ்தர் வீட்டில் இருப்பது. பாதையில் சம்மட்டி பிடித்த ஒருவர், தம் மனைவி உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்போல அமர்ந்து தலைவாரவேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை.

மேசை பழனியிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் பார்சலாக வந்தது. உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு ஆகிய நிலையங்களைக் கடந்து புதுநகரத்தில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் தந்தையார் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். 1932-இல் திறக்கப்பட்ட அப்பொள்ளாச்சிப் பாதை பின்னாளில் அகலப் பாதையாக மாற்றப்படுவதற்காக மூடப்பட்டு, 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தந்தையார் பணியிலிருக்கும்போதே 2012-இல் காலமானார். தாம் பழுது பார்த்த பாதையில் பெரிய வண்டி ஓடுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் இடத்தில் கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்புத் தேறிய எனக்கு அது பெரும் பேறு.

தந்தையார் மறைந்த பின்னர் அம்மா அந்த மேசைமுன் அமர்வதை விட்டுவிட்டார். யாரும் அவரைத் தடுத்ததில்லை. அவரும் எதுவும் சொன்னதில்லை. கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துப் படியில் அமர்ந்து தலைவாரிக்கொள்வார். மேசை பின்னறைக்குப் போயிற்று. அதன்மேல் துணி மூட்டைகள் ஏறின. கண்ணாடிக்கு ஒரு பழைய புடவை திரையாயிற்று.

என் மகள் இவ்வாண்டு ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். தனக்கு ஒரு கண்ணாடி மேசை வேண்டும் என்று கேட்டாள். பாலக்காட்டுக் கடைகளில் விசாரித்தேன். பார்வைக்கு அழகாக இருந்தவை யாவும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகைகள். விலையோ எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையவில்லை. பழைய மேசையைக் கொடுத்துவிடலாமே என்று பழைய சாமான் வாங்குபவரை அழைத்துக் காட்டினோம். அவர் விரலால் தட்டிப் பார்த்து, "தேக்காக இருந்தால் நல்ல விலை தருவேன். மைக்காவுக்கு ஏற்றுக்கூலிகூடக் கட்டாது" என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா அப்போது வாசற்படியில் நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டார். மேசையைப் புதுப்பிப்பது என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

ஒரு பொருளைத் திருத்துமுன் அதன் இயல்பை அறியவேண்டும். மைக்கா என்று நாம் சொல்லும் தகட்டில் மைக்காவே கிடையாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மைக்கா என்பது அப்பிரகம்; நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொல்லும் மின்னும் கனிமம். மின்சாரம் பாயாமல் தடுக்கும் தன்மை அதற்கு உண்டாதலால் மின்பொறிகளில் அது பெரிதும் பயன்பட்டது. நம் நாட்டிலிருந்தும் மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்டு என்பவர் 1907-இல் அமெரிக்காவில் பேக்கலைட்டு என்னும் செயற்கைப் பிசினைக் கண்டுபிடித்தார். 1912-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் பணியாற்றிய டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் பேபர் என்னும் இருவர், அத்தகைய பிசினை ஊட்டிய அடுக்குகளால், அப்பிரகத்திற்கு மாற்றாக மின்தடைப் பொருள் செய்யலாம் என்று கண்டனர். மறு ஆண்டு சின்சினாட்டி நகரில் தனிக் கம்பெனி தொடங்கி, 'மைக்காவுக்குப் பதில்' என்று பொருள்பட அதற்குப் 'பார்மைக்கா' என்று பெயரிட்டனர். நம் நாட்டிலும் அதுபோன்ற பெயருடைய தகடுகள் விற்பனைக்கு வந்தன. காலப்போக்கில் முன்னொட்டு உதிர்ந்து, வெறும் 'மைக்கா' என்பதே மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது.

இத்தகடு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். பழுப்பு நிறக் காகிதங்கள் பலவற்றைப் பீனால் வகைப் பிசினில் தோய்த்து அடுக்குகின்றனர். அவற்றின்மேல் மரவரி அச்சிட்ட அழகுக் காகிதம் ஒன்றை வைக்கின்றனர். இது தோய்வது மெலமைன் என்னும் நிறமற்ற பிசினில். பிறகு யாவற்றையும் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்து ஒரே தகடாக்கிவிடுகின்றனர். வெந்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாததுபோல, ஒருமுறை இறுகிய இப்பிசின் மீண்டும் இளகுவதில்லை. நாம் மேசையில் காணும் ஈட்டி மரம் உண்மையில் ஒரு காகிதப் படமே. தண்ணீர் படலாம், குழம்பு சிந்தலாம், எண்ணெய் வழியலாம். துணியால் துடைத்தால் போய்விடும். எதையும் உள்ளே விடாததே அதன் பெருமை. அதுவே வண்ணம் பூசுபவனுக்குத் தொல்லையுமாகிறது. மரம் வண்ணத்தைச் சிறிது குடிக்கும். மைக்கா ஒரு துளியும் குடிக்காது. அதனால்தான் நேரே அதன்மேல் பூசிய வண்ணம் சில மாதங்களில் வெங்காயத் தோல்போல உரிந்து வருகிறது.

ஆகவே மேசைக்குப் புதுப்பூச்சு இடுவோர் முதலில் சிந்திக்க வேண்டியது, எந்த வண்ணம் என்பதன்று. எந்தப் பகுதிக்குப் பூச்சுத் தேவையில்லை என்பதே. நாம் பூசக்கூடிய எனாமலைவிட இறுகிய மெலமைன் கடினமானது. தகடு நல்ல நிலையில் உள்ள இடத்தில் வண்ணம் பூசுவது, உறுதியானதை மூடி உறுதி குறைந்ததை மேலே வைப்பதாகும். எங்கள் மேசையில் பக்கங்களும் இழுப்பறை முகங்களும் கண்ணாடிச் சட்டமும் வெளுத்துக் கீறல் விழுந்திருந்தன. மேற்பலகையோ, மூட்டைகளின் அடியில் இத்தனை ஆண்டு கிடந்தும், கழுவியதும் பளிச்சென்று ஆயிற்று. அதனை அவ்வாறே விட்டுவிட முடிவு செய்தோம். "அது உங்கள் அப்பா தேடி எடுத்த வரி" என்றார் அம்மா. தொழில் முறைக்கும் அதுவே பொருத்தமாக அமைந்தது.

இனி வேலையின் படிகளைச் சொல்கிறேன்.

முதற்படி, ஒட்டு. தகட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தால் பசை விட்டுப்போன இடத்தில் ஓசை வேறாகக் கேட்கும். எங்கள் மேசையில் இரண்டு ஓரங்கள் பெயர்ந்திருந்தன. மெல்லிய துணி ஒன்றை மேலே விரித்து, மிதமான சூடுள்ள இஸ்திரிப் பெட்டியைச் சிறிது நேரம் வைத்தபோது பழைய பசை இளகியது. தகட்டைச் சற்றே தூக்கி, காய்ந்த பசையைச் சுரண்டி, உள்ளிருந்த தூசியைத் தூரிகையால் நீக்கினேன். பிறகு ரப்பர் பசையைத் தகட்டிலும் பலகையிலுமாக இருபுறமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தினேன். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் இப்பசை சரியாகப் பிடிக்காது. மேலே அம்மிக் குழவியை வைத்து ஓர் இரவு விட்டதில் ஒட்டு உறுதிப்பட்டது.

இரண்டாம் படி, கழுவுதல். மற்ற மரச் சாமான்களுக்கில்லாத ஒரு தொல்லை கண்ணாடி மேசைக்கு உண்டு. தேங்காயெண்ணெய் தடவிய கையோடுதான் அதன் இழுப்பறையைத் திறக்கின்றோம். முகப்பவுடரும் சாந்தும் குங்குமமும் அதன் மூலை முடுக்குகளில் படிந்திருக்கின்றன. எண்ணெய்ப் பசை ஓரிடத்தில் எஞ்சினாலும் அங்கே வண்ணம் ஒட்டாது. கைப்பிடிகளையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் இருமுறை துடைத்தேன். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்கு உலர்ந்ததும் தின்னர் தோய்த்த துணியால் மேசை முழுவதையும் ஒருமுறை துடைத்தேன். தின்னர் விரைவில் தீப்பற்றக் கூடியது. அதன் ஆவியும் உடலுக்கு ஆகாது. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்திலேயே அதனைக் கையாளவேண்டும்.

கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்க வந்தபோது என் கை நின்றது. சட்டத்தின் இடப்பக்கத்தில், அமர்ந்திருப்பவர் கைக்கெட்டும் உயரத்தில், ஏழு ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அரக்கு நிறம், ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. இரவில் நெற்றியிலிருந்து எடுத்து, காலையில் மீண்டும் வைத்துக்கொள்வதற்காகப் பெண்கள் அவ்வாறு ஒட்டி வைப்பது நாம் அறிந்ததே. 2012-ஆம் ஆண்டின் ஒரு நாளோடு அவ்வரிசை நின்றுவிட்டது. நான் அம்மாவை அழைத்து, "இவற்றை என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டேன். அம்மா அருகில் வந்து பார்த்தார். சிறிது நேரம் பேச்சில்லை.

"எடுத்துவிடு கண்ணு. மேலே வண்ணம் அடித்தால் அந்த இடம் மேடாகத் தெரியும்" என்றார்.

பிறகு நான் எடுக்கும்வரை காத்திராமல் தாமே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைத்து ஊறவிட்டு, நகத்தால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஏழையும் ஒரு காகிதத்தில் ஒட்டி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எண்ணெய் பட்ட இடத்தை மறுபடி கழுவிவிடு. இல்லையென்றால் அங்கே பிடிக்காது என்றாயே" என்று எனக்கு நினைவூட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் கழுவினேன்.

மூன்றாம் படி, உரசுதல். இதுவே வேலையின் உயிர்நிலை. 180 எண் உப்புத்தாளால் தொடங்கி 220 எண்ணில் முடித்தேன். தகட்டைச் சுரண்டி எடுப்பது நோக்கமன்று. அதன் வழவழப்பைப் போக்கி, வண்ணம் பற்றிக்கொள்ள நுண்ணிய கீறல்களை உண்டாக்குவதே நோக்கம். பளபளப்பு மறைந்து சுண்ணாம்பு தடவியதுபோல மங்கியதும் நிறுத்திவிடவேண்டும். அதற்குமேல் தேய்த்தால் அச்சிட்ட காகிதம் போய் உள்ளே பழுப்புக் காகிதம் தெரியத் தொடங்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் எங்கே இன்னும் மினுக்கம் எஞ்சியிருக்கிறது என்பது விளங்கும். மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டுதான் இவ்வேலையைச் செய்யவேண்டும்.

இங்கே குழந்தைகள் உள்ள வீட்டார்க்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். எங்கள் மேசையின் கால்கள் மைக்கா ஒட்டப்பெறாதவை. 1987-இல் பழுப்பு எனாமல் பூசப்பட்டவை. அக்காலத்து எனாமல் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது வழக்கம். ஈயத் தூள் உள்ளே சென்றால் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளையும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய எனாமலை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. நீர்த்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வடியும் குழம்பைப் பழைய செய்தித்தாளில் ஏந்தி, பொதிந்து அப்புறப்படுத்தினேன். அந்த இரண்டு நாளும் மகளை அப்பக்கம் வரவிடவில்லை.

நான்காம் படி, அடிப்பூச்சு. சுவருக்குப் பூசும் பிரைமர் இதற்கு உதவாது. வழவழப்பான பரப்பைப் பற்றிக்கொள்ளும் வகை வேண்டும். பொள்ளாச்சியில் வண்ணக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், இரண்டு டப்பாக்களாக வரும் எபாக்சி பிரைமரைப் பரிந்துரைத்தார். டப்பாவில் குறித்த அளவுப்படி இரண்டையும் கலந்து, சில மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிடவேண்டும், எஞ்சியது கல்லாகிவிடும். ஆதலால் வேண்டிய அளவே கலந்தேன். கீறல்களையும் ஓரத்துப் பள்ளங்களையும் பட்டி வைத்து நிரவிவிட்டு, மெல்லிய ஒரு பூச்சுப் பூசினேன்.

அந்தப் பெரியவர் கற்பித்த சோதனை ஒன்று மிகப் பயனுடையது. மேசை முழுவதற்கும் பூசுமுன், பின்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் உள்ளங்கை அளவு உரசி, அடிப்பூச்சுப் பூசி, ஒரு நாள் காயவிடவேண்டும். பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்கவேண்டும். நாடாவோடு வண்ணம் பெயர்ந்து வந்தால் கழுவுதலோ உரசுதலோ போதவில்லை என்று பொருள். வெறும் நாடா மட்டும் வந்தால் அஞ்சாமல் மேலே செல்லலாம். எங்கள் மேசை இச்சோதனையில் தேறியது.

ஐந்தாம் படி, வண்ணம். எண்ணெய் வகை எனாமலைத் தேர்ந்தெடுத்தேன். இது வெறுமனே உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. ஆகவே தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகள் மேலானவை. தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே இருந்துவிடும். அகன்ற பகுதிகளுக்கு நுரை உருளையும் மூலைகளுக்குத் தூரிகையும் பயன்பட்டன. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஓர் இரவு விட்டு, 320 எண் தாளால் மெல்லத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினேன்.

நம் வட்டாரத்துக் காற்றைப் பற்றியும் ஒரு சொல். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி வழிவிட்ட கணவாயில் நாம் வாழ்கிறோம். கார்த்திகையில் தொடங்கி, தமிழ் நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கீழ்காற்று இதன் வழியே சீறி வருகிறது. மலையாள அன்பர்கள் இதனை விருச்சிகக் காற்று என்பர். அவர்கள் விருச்சிகம்தானே நம் கார்த்திகை. வண்ணம் விரைவில் உலர இக்காற்று நல்லது. ஆனால் அது வாரிவரும் புழுதி ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்திலோ புழுதி இராது. ஆனால் ஈரத்தால் உலர்வது தாமதமாகும். நான் தை மாதத்தில், காற்று எழுமுன் விடியற்காலையில், பின்னறைத் தரையில் நீர் தெளித்துத் தூசி அடங்கிய பின்னரே பூசினேன். பூசும்போது ஒரு சன்னல் மட்டும் காற்றுக்காகத் திறந்திருந்தது.

என்ன நிறம் என்பதில் வீட்டில் மூன்று கட்சிகள் தோன்றின. மகள் இளஞ்சிவப்பு என்றாள். அறை இருட்டாக இருப்பதால் வெளிர்நிறமே தக்கது என்றாள் என் மனைவி. அம்மாவைக் கேட்டோம். "எனக்கென்ன, எதுவானாலும் சரி" என்று முதலில் சொன்னார். மகள் விடவில்லை. "சொல்லுங்க அப்பத்தா" என்று மடியில் சாய்ந்துகொண்டு நச்சரித்தாள். "பழைய வண்டி நிறம் கிடைக்குமா?" என்றார் அம்மா. நீல நிறம் வருமுன் நம் நாட்டு இரயில் பெட்டிகள் பூண்டிருந்த அரக்குச் சிவப்பைத்தான் அவர் குறிப்பிட்டார். அவர் மணமகளாக ஏறி வந்ததும், இம்மேசை ஏறி வந்ததும் அந்த நிறத்துப் பெட்டிகளில்தானே. இறுதியில் பக்கங்களுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் தந்த நிறம், இழுப்பறை முகங்களுக்கு அரக்கு, இழுப்பறைகளின் உட்புறத்துக்கு மகள் கேட்ட இளஞ்சிவப்பு என்று உடன்பாடு ஏற்பட்டது. ஈட்டி வரி மேற்பலகை மேலே அப்படியே நின்றது.

வேலை முடிந்த பின்னும் பத்து நாள் பொறுத்தோம். தொட்டால் கையில் ஒட்டாததனாலேயே எனாமல் முழுதும் இறுகிவிட்டது என்று எண்ணலாகாது. அவசரப்பட்டு இழுப்பறையை இறுக மூடினால் வண்ணத்தோடு வண்ணம் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயர்ந்து வரும். கண்ணாடியின் விளிம்பில் ஈரம் ஏறிக் கறுத்த புள்ளிகள் சில இருந்தன. அவற்றை மாற்ற முயலவில்லை. எல்லாச் செலவும் சேர்ந்து 1,460 ரூபாய் ஆயிற்று. விடுமுறை நாள்களும் விடியற்காலைகளுமாக மூன்று வாரம் பிடித்தது.

மேசை கூடத்துச் சன்னலருகே வந்தது. முதல் நாள் காலையில் மகள் தன் பாட்டியின் கையைப் பற்றி இழுத்து வந்து முக்காலியில் அமர்த்தி, "இன்று நான் வாரிவிடுகிறேன்" என்று சீப்பை எடுத்தாள். அம்மா மறுப்பார் என்றே நானும் என் மனைவியும் எண்ணினோம். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியில் தம்மை ஒரு கணம் பார்த்தார். "முடியெல்லாம் வெளுத்துப் போச்சே" என்று மட்டும் சொன்னார். பிறகு மேற்பலகையின் வரியை விரலால் தடவிக்கொண்டு அமர்ந்திருந்தார். அன்றிலிருந்து கைக்கண்ணாடி கொல்லைப்படிக்குப் போவதில்லை.

நம் சமூகத்தில் கணவரை இழந்த பெண்டிர் எத்தனையோ பொருள்களைத் தாமே ஒதுக்கிவிடுகின்றனர். சட்டம் ஒன்றும் அவ்வாறு சொல்லவில்லை. ஊராரும் முன்போல் கேட்பதில்லை. எனினும் யாரேனும் ஒருவர் கைபிடித்து அழைக்காவிட்டால், ஒதுங்கியவர் ஒதுங்கியபடியே இருந்துவிடுகின்றனர். நம் சங்கக் கூட்டங்களில் மகளிர் நலம் பற்றிப் பல முறை பேசுகின்றோம். அப்பேச்சு நம் வீட்டுப் பின்னறை வரை எட்டவேண்டும் என்பது என் கருத்து.

மலிவானது, பழமையானது, விலைபோகாதது என்று எந்தப் பொருளையும் ஒதுக்குமுன், அதனை வாங்கியவர் எந்த ஆசையால் வாங்கினார் என்பதையும், அதன் இயல்பு யாது என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக. மைக்காவின் இயல்பு எதையும் ஏற்காமை. கழுவி, உரசி, பொறுமையோடு அடிப்பூச்சு இட்டால் அதுவும் ஏற்கிறது. விடுமுறையில் மூன்று வாரமும் கையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும் உள்ள அன்பர் எவரும் இவ்வேலையைச் செய்யலாம். செய்ய விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தால், எஞ்சிய உப்புத்தாளையும் உருளையையும் மகிழ்ச்சியோடு தருவேன். ஒட்டுநாடாச் சோதனையையும் செய்து காட்டுவேன்.